மார்ஜால நியாயம்: தாய்ப்பூனை உணர்த்திய அடைக்கல நெறி

பூனைக்கு நம் மரபில் இருவேறு பெயர்கள் உண்டு. ஒன்று கெட்ட பெயர். மற்றொன்று நல்ல பெயர்.

கெட்ட பெயருக்குச் சான்று மாமல்லபுரத்தில் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய பெரும் பாறைச் சிற்பத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தித் தவக்கோலம் பூண்ட பூனை ஒன்றைக் காணலாம். அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. அது பொய்த்தவம் என்பதைப் பார்ப்பவர் உடனே உணர்வர். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் இத்தகைய கபடப் பூனையின் கதை கூறப்படுகிறது.

நல்ல பெயரோ தாய்ப்பூனையால் வந்தது. இறைவன் அடியாரைக் காக்கும் திறத்துக்கு உவமை தேடிய வைணவப் பெரியோர், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லும் காட்சியையே உவமையாக எடுத்துக்கொண்டனர். கபடத்துக்கு அடையாளமாக நின்ற அதே பிராணி, கருணைக்கும் அடையாளமாயிற்று. இவ்வுவமை தோன்றிப் பரவிய வரலாற்றையும், அது இன்று நமக்கு உணர்த்தும் பொருளையும் இத்திருவிழா மலரில் சிந்திப்பது பொருத்தமாகும்.

தமிழரும் பூனையும்

பூனையைத் தமிழர் மிகப் பழங்காலம் தொட்டே அறிவர். சங்க நூல்களில் அது பூசை எனவும், காட்டுப்பூனை வெருகு எனவும் வழங்கப்பெறுகின்றன. தொல்காப்பிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை வகைப்படுத்தும் இடத்தில், வெருகின் இளமைக்குக் குட்டி என்ற பெயரை உரியதாக்கி, பறழ் என வழங்கினும் தவறில்லை என்கிறது. நாம் இன்று இயல்பாகச் சொல்லும் ‘பூனைக்குட்டி’ என்ற சொல்லாட்சிக்குப் பின்னால் இத்தனை நீண்ட மரபு நிற்கிறது.

பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் கண்கள் மூடியிருக்கும், செவிகளும் அடைத்திருக்கும். ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் கழித்தே கண் திறக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. மோப்பம் அதற்குப் பெருந்துணை. அம்மோப்பத்தைக் கொண்டே அது தாயின் மடியைத் தேடிச் சேர்கிறது. பிறந்த சில நாள்களுக்குள் தனக்கென ஒரு காம்பைத் தேர்ந்துகொள்கிறது. இடம் பாதுகாப்பற்றது எனத் தாய்க்குத் தோன்றினால், ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் சேர்க்கும். பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் மூதாட்டியர் சொல்வது இதனைக் கண்டேயாகும்.

இரு குட்டிகள், இரு நெறிகள்

இராமாநுசர் (1017–1137) வகுத்த சரணாகதி நெறியை அவருக்குப் பின்வந்த ஆசாரியர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் ஒரு வினா தலைதூக்கியது. இறைவன் அருள்வதற்கு, அடியவன் பக்கமிருந்து ஏதேனும் ஒரு முயற்சி வேண்டுமா? வேண்டாவா?

காஞ்சிபுரத்துத் தூப்புலில் 1268ஆம் ஆண்டு அவதரித்த வேதாந்த தேசிகர், ஏதேனும் ஒரு சிறு முயற்சி வேண்டும் என்றார். அதனைத் தகுதி என்றோ விலை என்றோ அவர் கருதவில்லை. அருள்வதற்கு இறைவனுக்கு ஒரு வியாஜம், அஃதாவது ஒரு சாக்கு, வேண்டும் என்பதே அவர் கருத்து. அவருக்கு மூத்தவரான பிள்ளை லோகாசாரியரோ, காப்பது இறைவனின் இயல்பு என்றும், அதற்கு நம் முயற்சி ஒரு காரணமாகாது என்றும் ஸ்ரீவசன பூஷணம் முதலிய நூல்களில் விளக்கினார். ஆழ்வார்திருநகரியில் 1370ஆம் ஆண்டு அவதரித்த மணவாள மாமுனிகள் அந்நூலுக்கு விரிவுரை வரைந்து அக்கருத்தை நிலைநாட்டினார்.

முன்னது வடகலை எனவும் பின்னது தென்கலை எனவும் காலப்போக்கில் இரு மரபுகளாயின. இரண்டிற்கும் இடையே 18 வேற்றுமைகளைக் கணக்கிட்டு அஷ்டாதச பேதம் என்று கூறுவர். ஆயினும் எளிய மக்கள் மனத்தில் பதிந்தவை அந்தப் பதினெட்டும் அல்ல; இரண்டு உவமைகளே. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. அது மார்ஜால நியாயம்.

நம் நாட்டில் இவ்விரண்டையும் கண்ணால் காண்பதற்கு அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது, மார்போடு குட்டி ஒட்டிக்கொண்டிருக்கத் தாய்க்குரங்கு கைப்பிடிச் சுவரில் தாவிச் செல்வதைக் காணாதார் இல்லை. அப்படிகளிலேயே தைப்பூச நாளில், நேர்த்திக்கடனாகப் பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுத் தாய் தந்தையர் சுமந்து செல்கின்றனர். தொட்டிலில் உறங்கும் பிள்ளை எதனையும் பற்றிக்கொண்டிருப்பதில்லை. தான் எங்கே கொண்டு செல்லப்படுகிறோம் என்பதையும் அறியாது. மார்ஜால நியாயம் மனித வடிவில் அங்கே மலையேறுகிறது எனலாம்.

திருவரங்கத்தில் நேர்ந்த சோதனை

இவ்வாசாரியர்கள் அமைதியான காலத்தில் மடங்களில் அமர்ந்து வாதம் புரிந்தவர்கள் அல்லர். 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டில்லி சுல்தானின் படைகள் தென்னாட்டின்மீது பாய்ந்தன. திருவரங்கம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை லோகாசாரியர், உற்சவ மூர்த்தியாகிய நம்பெருமாளைச் சில அடியார்களுடன் எழுந்தருளச் செய்துகொண்டு காடுகளின் வழியே தெற்கு நோக்கிச் சென்றார். மதுரைக்கு அருகில் உள்ள சோதிஷ்குடி என்ற சிற்றூரில் அவர் பரமபதம் அடைந்தார் என்பது வைணவ மரபு.

வேதாந்த தேசிகரோ, சுருதப்பிரகாசிகை என்ற அரிய விளக்க நூலையும், அதனை இயற்றிய சுதரிசன சூரியின் இரு புதல்வர்களையும் காக்கும் பொறுப்பை ஏற்றார். மாண்டோர் உடல்களுக்கிடையே அவர்களோடு மறைந்திருந்து உயிர் தப்பி, கன்னட நாட்டை அடைந்தார் என்பர்.

நம்பெருமாள் பாண்டிநாடு, மலையாள நாடு, திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் மறைந்துறைந்தார். 1371ஆம் ஆண்டில் விசயநகரத் தளபதி கோபணாரியர் அவரை மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளச் செய்ததைக் கோயில் கல்வெட்டு கூறுகிறது.

ஈண்டு ஒன்றை நாம் கருத வேண்டும். நம் முயற்சி இறையருளுக்குக் காரணமன்று என்று கற்பித்த ஆசாரியரே, தள்ளாத வயதில் இறைத்திருமேனியைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்தார். மார்ஜால நியாயம் சோம்பலுக்கு இடம் தருகிறது என்று குறை கூறுவோருக்கு, அவர் வாழ்வே விடையாகும். தாய் இடம் மாற்றும் குட்டிகளைப் போல, இறைவனும் நூலும் இளஞ்சிறாரும் அன்று ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லப்பட்டுக் காக்கப்பெற்றனர். முயற்சி வேண்டும், வேண்டா என வேறுபட்ட இருவரும், காக்க வேண்டிய வேளையில் ஒன்றையே செய்தனர்.

குட்டியின் பங்கு யாது?

பூனைக்குட்டி எதுவுமே செய்வதில்லையா? தென்கலை ஆசாரியர்கள் இதற்கு ஒரு நுட்பமான சொல்லைத் தந்துள்ளனர். அது ‘விலக்காமை’ என்பதாகும். இறைவன் காக்க வரும்போது அவனைத் தடுக்காதிருத்தலே அடியவன் செய்ய வேண்டுவது.

தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி தன் உடலைத் தளர்த்தி, பின்னங்கால்களையும் வாலையும் வயிற்றோடு மடக்கி அசையாமல் தொங்குகிறது. பூனைகளின் பிடரியை மெல்ல அழுத்தினால் இந்நிலை தானே உண்டாவதை அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். குட்டி துள்ளித் திமிறினால் தாய் அதனைத் தூக்கிச் செல்வது அரிதாகும். அடங்கித் தொங்குவதே குட்டியின் ஒத்துழைப்பு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வழங்கிய ‘விலக்காமை’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான காட்சி விளக்கம் வேறில்லை.

19ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த இராமகிருஷ்ண பரமஹம்சரும் (1836–1886) இவ்வுவமையைத் தம் சீடர்களுக்கு அடிக்கடி எடுத்துரைத்தார். தாய் தன்னை அடுக்களையில் வைத்தாலும் மெத்தைமேல் வைத்தாலும் குட்டிக்குத் தெரிந்தது தாயைக் கூவி அழைப்பது ஒன்றே என்பது அவர் தரும் விளக்கம். 1928ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் தொடங்கப்பெற்றது. அன்று முதல் அவர் உபதேசங்கள் இந்த வட்டாரத்து இந்துக்களிடையேயும் பரவி வந்துள்ளன.

சஷ்டி தேவியும் தெய்வயானையும்

வங்காளத்தில் பூனையை வாகனமாகக் கொண்ட தெய்வம் ஒன்று உண்டு. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியே அவர். ஒரு வீட்டின் இளைய மருமகள் உணவைத் திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனைமீது சுமத்தி வந்தாள். தேவியின் வாகனமாகிய கரும்பூனை சினங்கொண்டு, அவள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றது. பின்னர் அவள் தேவியிடம் மன்னிப்பு வேண்டிப் பிள்ளைகளைத் திரும்பப் பெற்றாள். இக்கதை அங்கே ஆண்டுதோறும் வளர்பிறைச் சஷ்டி விரத நாளில் சொல்லப்படுகிறது. பூனை எடுத்துச் சென்ற பிள்ளைகள் அழியவில்லை. தேவியிடம் பத்திரமாக இருந்தனர் என்பதே கதையின் சிறப்பு.

மகாபாரதத்தின் வன பருவம், கந்தப்பெருமானை மணந்த தேவசேனைக்குச் சஷ்டி என்ற பெயரும் உண்டு என்கிறது. நாம் தெய்வயானை எனப் போற்றும் அன்னையே அவர். கந்த சஷ்டி விரதம் நோற்கும் நம் மக்களுக்கு இது மகிழ்வூட்டும் செய்தியாகும். அக்கந்தனும் பெற்றவளால் மட்டுமன்றிக் கார்த்திகைப் பெண்டிர் அறுவராலும் பாலூட்டி வளர்க்கப்பெற்றவனே.

சூளையும் தீயும்

ஹோலிப் பண்டிகையையொட்டி வடநாட்டில் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. இது பாகவத புராணத்தில் இல்லாதது. குயவப் பெண்ணொருத்தி சூளைக்குத் தீமூட்டிய பின்னர், உள்ளே அடுக்கிய பானையொன்றில் பூனைக்குட்டிகள் இருந்ததை உணர்ந்து, திருமாலை நோக்கிக் கதறினாள். சூளை ஆறியபின் திறந்தபோது குட்டிகள் உயிரோடு இருந்தன. அதனைக் கண்ட சிறுவன் பிரகலாதனின் பக்தி உறுதிப்பட்டது என்பர்.

இதனைக் கதையென ஒதுக்குவோரும் அறிய வேண்டிய உண்மை நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1996ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கைவிடப்பட்ட வாகனக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதனுள் இருந்த தாய்ப்பூனை ஒன்று தீக்குள் மீண்டும் மீண்டும் புகுந்து, தன் ஐந்து குட்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தது. தீப்புண்ணால் அதன் கண்கள் மூடிக்கொண்டன. செவிகளும் முகமும் கருகின. பார்வை இல்லாத அந்நிலையிலும் ஒவ்வொரு குட்டியையும் மூக்கால் தொட்டுப் பார்த்து, ஐந்தும் வந்துவிட்டன என உறுதி செய்துகொண்ட பின்னரே அது மயங்கி விழுந்தது. ஸ்கார்லெட் எனப் பெயரிடப்பட்ட அப்பூனை குணமடைந்து 2008ஆம் ஆண்டு வரை வாழ்ந்தது. குட்டிகளில் ஒன்று மட்டும் பின்னர் நோயால் இறந்தது. தாய் தன் குட்டிகளின் கணக்கை மறக்கவில்லை.

தன் குட்டி, பிறர் குட்டி

தாய்க்கும் குட்டிக்கும் உள்ள நினைவைப் பற்றி மெக்சிகோ நாட்டு ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் நடத்திய ஆய்வுகள் வியப்பூட்டுவன. நான்கு வாரக் குட்டி தன் தாயின் குரலைப் பிற தாய்ப்பூனையின் குரலினின்று பிரித்தறிகிறது என்று 2016ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. தாயை விட்டுப் பிரிந்த குட்டிகள் ஓராண்டு வயதிலும் அதன் உடல்மணத்தை வேறுபடுத்தி அறிகின்றன என்று 2021ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது.

இவற்றினும் சிறந்தது 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு. தாய்ப்பூனையால் தன் குட்டியின் மணத்தையும் பிறர் குட்டியின் மணத்தையும் வேறு பிரித்தறிய முடியும். ஆயினும் இருவகைக் குட்டிகளையும் கூட்டுக்கு வெளியே வைத்தபோது, வேறுபாடு காட்டாமல் இரண்டையும் அது தூக்கி வந்தது. அறியாமையால் அன்று, அறிந்தும் விலக்கவில்லை.

இத்தகைய தாய்மையைச் சைவ மரபும் இறைவனிடம் கண்டது. திருவிளையாடற் புராணத்தில், தாயை இழந்த 12 பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாய்ப்பன்றியின் வடிவில் வந்து முலை கொடுத்தார். மதுரைப் புதுமண்டபத் தூணில் அச்சிற்பத்தை இன்றும் காணலாம். திருச்சிராப்பள்ளியில், வெள்ளத்தால் தாய் வர இயலாத நிலையில் பேறுகால வேதனையுற்ற பெண்ணுக்கு அவள் தாயாகவே வந்து உதவியதால் இறைவன் தாயுமானவர் ஆனார். யாருடைய குட்டி என்று கேளாதவளே தாய். இதில் சைவம், வைணவம் என்ற பேதமில்லை. சிங்கப்பூரில் தைப்பூசக் காவடிகள் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்பட்டுத் தெண்டாயுதபாணி ஆலயத்தை அடையும் வழக்கமும் இதனையே காட்டுகிறது.

மறந்தவரை யார் நினைப்பார்?

இவ்வரலாறு வெறும் ஏட்டுச் செய்தியன்று. நம் இல்லங்களில் இன்று எழும் ஒரு வினாவுக்கு இதில் விடை உண்டு.

தோட்டங்களில் பால்மரம் வெட்டியும், சாலை போட்டும் நம்மை ஆளாக்கிய தலைமுறையினர் பலருக்கு முதுமையில் மறதி நோய் வருகிறது. காலமெல்லாம் மனப்பாடமாகச் சொன்ன தேவாரம் அவர்களுக்கு மறந்துவிடுகிறது. சிலர் பிள்ளைகளின் பெயரையும் மறக்கின்றனர். என் தாயாரும் தம் இறுதி இரண்டு ஆண்டுகளில் அவ்வாறிருந்தார். என் பெயர் அவருக்கு நினைவில்லை. தாம் வணங்கிய தெய்வத்தின் பெயரும் நினைவில்லை. ஆயினும் நான் விபூதி இட விரலை நீட்டினால், நெற்றியைச் சற்றே உயர்த்திக் கண்களை மூடிக்கொள்வார். ‘விலக்காமை’ என்ற சொல்லை நூலில் படித்தபோது எனக்கு அந்த நெற்றியே நினைவுக்கு வந்தது.

இறைவனை நினைக்க இயலாதவர் அவனை இழந்துவிட்டாரா? குரங்குக்குட்டியின் பிடி தளர்ந்தால் விழுந்துவிடும் என்ற அச்சம் இயல்பானதே. பெரியாழ்வாரும் தமக்கு அந்திமக் காலத்தில் நினைவு தவறிவிடும் என்று கருதி, அறிவு தெளிந்திருக்கும்போதே அரங்கனிடம் முன்கூட்டி விண்ணப்பம் செய்துகொண்டார். அதற்கு விடையாக அமைந்தது வராக சரம சுலோகம். உடலும் உள்ளமும் நலமாக இருந்தபோது தன்னை நினைத்த அடியவன், இறுதியில் கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும் வேளையில், அவனைத் தானே நினைத்து நற்கதிக்குக் கொண்டு செல்வதாகப் பூமிப்பிராட்டியிடம் வராகப் பெருமான் உறுதி கூறுகிறார். நினைவு என்பது அடியவனோடு முடிந்துவிடுவதன்று. அவன் மறந்த பின்னும் இறைவன் பக்கம் அது தொடர்கிறது. பிடியை இழந்த குட்டியைத் தாய் கவ்விக்கொள்கிறாள். மர்க்கட நியாயம் முடியும் இடத்தில் மார்ஜால நியாயம் தொடங்குகிறது எனக் கொள்வதில் தவறில்லை.

ஆதலின், ‘அவருக்கு ஒன்றும் தெரியாது, கோயிலுக்கு அழைத்துச் சென்று என்ன பயன்’ என்று நம் முதியோரை வீட்டில் விட்டுவர வேண்டா. இத்திருவிழா நாள்களில் அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்குக் கொடிமரத்தருகே இளைஞர்கள் வழிவிடுவார்களாக. தீபாராதனையின்போது அவர்கள் பார்வை வேறெங்கோ இருக்கலாம். மந்திரம் அவர்கள் நாவில் வாராதிருக்கலாம். அவர்கள் இறைவனை நினைக்க வேண்டிய கடமை முடிந்துவிட்டது. இனி அவன் அவர்களை நினைப்பான். அவர்களைச் சன்னிதிவரை தூக்கிச் சேர்க்கும் பணி மட்டுமே நமக்குரியது.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவரையும் காப்பதாக!